வெறுங்கையும் முழம் போடும்!

“வெறுங்கை முழம் போடுமா?” என்பது நம்மவர் பழமொழி. போடும் என்று சாதிக்கிறது, அமெரிக்கர்களின் ‘போக்கர்’ சீட்டாட்டம். அந்த வித்தைக்குப் பெயர்தான் ‘பிளஃப்’. பத்திரிகைகளில் அடிக்கடி அடிபடும் இச்சொல்லின் பொருளைச் சற்று ஆராய்வோம்.

பெருமையடித்தல் என்று பொருள்படும் டச்சுச் சொல்லொன்றிலிருந்து இது பிறந்ததாகக் கருதப்படுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் மிஸிஸிபி நதியின் நீராவிக் கப்பல்களில் பரவிய போக்கர் ஆட்டத்துக்கே ஒரு காலத்தில் ‘பிளஃப்’ என்ற பெயரும் வழங்கியது.

பழைய முறைப்படி ஒவ்வொருவருக்கும் ஐந்து சீட்டுகள். ஒருவர் பந்தயத்தை உயர்த்தினால், மற்றவர்கள் ஈடாகப் பணம் வைக்க வேண்டும். இல்லையேல் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலக வேண்டும். எல்லோரும் விலகிவிட்டால் எஞ்சியவருக்கே பணம் முழுவதும். அவர் தம் சீட்டைக் காட்ட வேண்டியதே இல்லை! சூட்சுமம் இந்த விதியில்தான் இருக்கிறது. கையில் ஒன்றுமில்லாதவரும் துணிந்து பணத்தை வைத்துப் பிறரை விரட்டிவிடலாம். பயப்படாமல் ஈடு வைத்து, “சீட்டைக் காட்டும்” என்று கேட்பதற்குக் ‘கால்’ என்று பெயர்.

இது வெறும் பொய்யன்று. பொய்யனுக்கு வாய் ஒன்றே முதல். பிளஃப் செய்கிறவனோ கைப்பணத்தைப் பணயம் வைக்கிறான். நடுவில் 100 டாலர் கிடக்கும்போது 50 டாலர் வைத்து மிரட்டுகிறவன், மூன்றில் ஒரு தடவை ஜயித்தாலே நஷ்டமில்லை. கணித மேதை வான் நாய்மன், மார்கென்ஸ்டர்னுடன் 1944-ல் வெளியிட்ட நூலில் இதை ஆராய்ந்திருக்கிறார். ஒருபோதும் பிளஃப் செய்யாதவன் பந்தயத்தை உயர்த்தினால் எல்லோரும் உஷாராக விலகிவிடுவார்கள். நல்ல சீட்டு வந்தும் அவனுக்கு லாபமிராது!

சீட்டு மேஜையோடு இது நின்றிருந்தால் பாதகமில்லை. 1936 மார்ச் 7-ஆம் தேதி, உடன்படிக்கைகளை மீறி ஹிட்லர் ரைன்லாந்துக்குள் படைகளை அனுப்பினார். பிரெஞ்சுப் படை எதிர்த்தால் பின்வாங்க வேண்டுமென்பதே அவற்றுக்கு இடப்பட்டிருந்த உத்தரவு. பிரான்ஸின் பலமோ அன்று பன்மடங்கு அதிகம். ஆயினும் ‘சீட்டைக் காட்டு’ என்று பிரான்ஸ் கேட்கவில்லை. 1938-ல் மியூனிக்கிலும் பிரிட்டனும் பிரான்ஸும் விட்டுக்கொடுத்தன.

இதன் பலன் என்ன? 1939-ல், போலந்தைத் தாக்கினால் யுத்தம் என்று அவ்விரு நாடுகளும் மெய்யாகவே எச்சரித்தபோது, அதையும் பிளஃப் என்றே ஹிட்லர் எண்ணினார். செப்டம்பர் 3-ஆம் தேதி யுத்தம் பிரகடனமாயிற்று. கோடிக்கணக்கான உயிர்கள் அதற்கு விலையாயின.

பொய் மிரட்டலுக்குப் பணிவது ஆபத்து. பணிந்து பணிந்து, நம் மெய்யான சொல்லையும் பிறர் மிரட்டலென்று எண்ணும்படி செய்துகொள்வது அதைவிடப் பேராபத்து. சீட்டாட்டத்தில் இழந்த பணத்தை மறு ஆட்டத்தில் மீட்கலாம். ஒரு தேசம் இழந்த சொல்லின் மதிப்பை அவ்வளவு எளிதில் மீட்க முடியுமா?