கணக்கு எழுதப் பணம் தருவது யார்?

மூக்கடைப்புக்கான மாத்திரைகள் சிலவற்றில் சூடோஎபெட்ரின் என்னும் பொருள் உள்ளது. அதிலிருந்தே மெத்தாம்பெட்டமின் என்னும் கொடிய போதைப்பொருளையும் செய்கின்றனர். ஆதலால், அம்மூலப்பொருளை உற்பத்தி செய்வோரும் விற்போரும் அரசிடம் பதிவுபெற்றுக் கணக்குக் காட்ட வேண்டும் என 2013ஆம் ஆண்டின் மைய அரசு ஆணை கூறுகிறது.

சில்லறைக் கடைகளின் நிலை வேறு. கோடீன் சேர்ந்த இருமல் மருந்து போன்றவற்றை விற்போர், 2014 மார்ச் முதல் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் காத்துவைக்க வேண்டும். ஆயினும் பெங்களூரில் அல்சூர்க் கடையின் பதிவேட்டைச் சிவாஜிநகர்க் கடைக்காரர் அறியார். ஒருவரே ஒரே நாளில் இரு கடைகளிலும் வாங்கிவிடலாம். கடைகளைக் கணினியால் இணைத்தால் இது வெளிப்படும். அதற்கான செலவை யார் ஏற்பது?

அமெரிக்காவின் பல மாநிலங்களில் சூடோஎபெட்ரின் விற்பனையைக் கண்காணிக்கும் கணினி அமைப்புக்கு மருந்து நிறுவனங்களே பணம் தருகின்றன. அரசுக்குச் செலவில்லை, கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது! ஆனால், மருத்துவர் சீட்டின்றி அம்மருந்தை விற்கலாகாது என்னும் கடுமையான சட்டங்களை எதிர்த்ததும் அத்தொழில்துறையே. விற்று ஊதியம் பெறுவோரின் பணத்தில் இயங்கும் காவல், அவர்கள் விரும்பும் எல்லையைத் தாண்டுமா என்பது என் ஐயம்.

நிறுவனங்கள் பணம் தரட்டும். அது பொது நிதியின் வழியே வரட்டும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 7ஏ பிரிவு இதற்கேற்ற தேசிய நிதியம் ஒன்றுக்கு வழிசெய்துள்ளது. கடத்தல்காரரிடம் பறிமுதல் செய்த சொத்தை விற்ற பணமும், பிறர் வழங்கும் கொடையும் அதில் சேரும். அதிலிருந்து கொடுத்தால், அல்சூரின் சிறு கடைக்காரர் தம் கைப்பணத்தில் கணினி வாங்க நேராது.