சட்டை யார் செலவு?

குளிர்கடலில் மீன்பிடிக்கப் போகிறவர் என்ன உடுத்தவேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. "நல்ல ஜாக்கெட்டா பார்த்து வாங்குங்க, காசைப் பார்க்காதீங்க" என்பதில் ஆரம்பித்து மூன்று அடுக்கு, நான்கு அடுக்கு என்று பட்டியல் நீளும். எல்லாம் சரிதான். ஆனால் எல்லாப் பட்டியலிலும் ஒரே ஒரு வரி மட்டும் விடுபட்டுப் போகிறது. அந்தக் காசு யாருடையது?

ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு ஏரிக்கரையில் உட்காருகிறவருக்கு இந்தக் கேள்வி தேவையில்லை. அவர் குளிர், அவர் பணம். கேள்வி எழுவது கூலிக்காக வடகடலுக்குப் போகிறவர் விஷயத்தில்தான்.

முதலில் உடையின் கணக்கு. தண்ணீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டைக் கொண்டுபோய்விடும். அதனால் குளிரைவிட ஈரம்தான் பெரிய எதிரி. அது இரண்டு பக்கமிருந்தும் வரும். வெளியே அலை, உள்ளே வியர்வை. வலை இழுக்கிற வேலையில் பனிக்காலத்திலும் வியர்க்கும். பருத்திப் பனியன் அந்த வியர்வையைக் குடித்துவிட்டு உடம்போடு ஒட்டிக்கொள்ளும். வேலை நின்றதும் நடுக்கம் ஆரம்பம். ஆகவே உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பாலியெஸ்டர். நனைந்தாலும் ஓரளவு சூடு காப்பது கம்பளியின் குணம். அதன்மேல் காற்றைப் பிடித்துவைக்கிற தடித்த ஸ்வெட்டரோ ஃப்ளீஸோ. அதற்கும் மேலே தண்ணீர் புகாத உறை.

இங்கேதான் "விலை அதிகம் என்றால் நல்லது" என்கிற கடைக்காரர் தத்துவம் அடிபடுகிறது. மலையேறுகிறவர்கள் கொண்டாடும் கோர்-டெக்ஸ் போன்ற 'மூச்சுவிடும்' துணிக்கு மூலம், 1969ல் பாப் கோர் டெஃப்லானைச் சட்டென்று இழுத்துக் கண்டுபிடித்த நுண்துளைப் படலம். அருமையான பொருள்தான். ஆனால் உப்பும் மீன் கொழுப்பும் செதிலும் படிகிற டிராலர் தளத்தில் அதன் மூச்சு திணறும். அங்கே தாக்குப்பிடிப்பது பி.வி.சி. பூசிய கனத்த மேல்சட்டையும், தோள்பட்டி வைத்த பேன்ட்டும்தான். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவிவிடலாம். ரப்பர் பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக இருக்கவேண்டும். காலுறை இறுகினால் அதற்குள் இருக்கும் காற்று போகும், காற்றோடு சூடும் போகும்.

இதெல்லாம் தளத்தில் நிற்கும்வரை. கடலுக்குள் விழுந்தால்? கனடாவின் கோர்டன் கீஸ்பிரெக்ட் என்ற பேராசிரியர் 1-10-1 என்று ஒரு சூத்திரம் சொல்கிறார். உறைநிலையை ஒட்டிய தண்ணீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம். கைகால் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம். குளிரால் நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம். உடம்பை மிதக்கவைக்க லைஃப் ஜாக்கெட்டும், அந்த நேரத்தை நீட்டிக்க உடம்பு முழுக்க மூடும் நீர்புகா உடையும் இல்லையென்றால் இந்தக் கணக்கு அப்படியே நடந்து முடியும்.

கணக்கு எப்படி நடந்து முடியும் என்பதற்கு வரலாற்றில் சாட்சி உண்டு. 1968 ஜனவரி, பிப்ரவரியில் இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்திலிருந்து போன செயின்ட் ரோமானஸ், கிங்ஸ்டன் பெரிடாட், ராஸ் கிளீவ்லண்ட் என்ற மூன்று டிராலர்கள் அடுத்தடுத்து மூழ்கின. 58 பேர் இறந்தார்கள். பிழைத்தவர் ஒரே ஒருவர், ராஸ் கிளீவ்லண்ட் கப்பலின் மேட் ஹாரி எட்டம்.

அவர் பிழைத்தது எப்படி? பிப்ரவரி 4 அன்று ஐஸ்லாந்தின் வடமேற்கே ஒரு ஃபியோர்டில், புயலுக்கு ஒதுங்கியிருந்தபோது கப்பல் கவிழ்ந்தது. மேலே உறைந்துபோன பனிக்கட்டியின் பாரம் அதற்கு ஒரு காரணம். எட்டம் அப்போது தளத்தில் பனிக்கட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எனவே முழு நீர்புகா உடையில் இருந்தார். அவரோடு இன்னும் இரண்டு பேர் ரப்பர் தெப்பத்தில் ஏறினார்கள். ஒருவருக்கு வயது 18. அவர்கள் உடம்பில் குளிருக்கான உடை இல்லை. கப்பல் கவிழும்போது சட்டை தேட யாருக்கு நேரம்? மூவரும் ஒரே தெப்பத்தில், ஒரே குளிரில் இருந்தார்கள். கரை சேர்வதற்குள் இரண்டு பேர் விறைத்து இறந்தார்கள். எட்டம் தள்ளாடி நடந்து, ஆளில்லாத ஒரு வீட்டின் மறைவில் இரவெல்லாம் நின்று, மறுநாள் ஆடு மேய்க்கும் ஒரு பையன் கண்ணில் பட்டார்.

மூவரில் யாரும் கடையில் நின்று உடையைத் 'தேர்வு' செய்யவில்லை. யார் எந்த நேரத்தில் வேலையில் இருந்தார் என்பதே உயிரைத் தீர்மானித்தது. "சரியான உடையைத் தேர்ந்தெடுப்பது உங்கள் பொறுப்பு" என்று உபதேசிப்பவர்கள் இந்தத் தெப்பத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்கவேண்டும்.

சரி, அந்தக் கால ஹல் மீனவருக்கு உடை யார் கொடுத்தார்கள்? யாரும் கொடுக்கவில்லை. அவர் தினக்கூலி போல, ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாகக் கையெழுத்துப் போடும் தற்காலிக ஆள். எண்ணெய்த்துணிச் சட்டை, பூட்ஸ், கையுறை, மீன் வெட்டும் கத்தி, படுக்கைகூட அவர் சொந்தச் செலவு. கம்பெனிக் கடையில் கடனுக்கு வாங்கினால் பயணம் முடிந்து கணக்குத் தீர்க்கும்போது பிடித்துக்கொள்வார்கள். வலை முதலாளி செலவு. எரிபொருள் முதலாளி செலவு. மீனைக் கெடாமல் வைக்கும் ஐஸ் முதலாளி செலவு. மீனைப் பிடிக்கிறவர் கெடாமல் இருப்பதற்கான செலவு மட்டும் அவர் தலையில்! பேரேட்டில் இதைவிட அநியாயமான ஒரு பதிவு இருக்க முடியுமா?

அப்போது எழுந்து நின்றவர் லில்லியன் பிலோக்கா என்ற மீன் பதனிடும் தொழிலாளி. மீனவர் குடும்பத்துப் பெண்களைத் திரட்டி, கையெழுத்து வாங்கி, லண்டனுக்குப் போய் அமைச்சர்களைச் சந்தித்தார். ஒவ்வொரு கப்பலிலும் ரேடியோ ஆபரேட்டர் வேண்டும் என்பது முதலான பாதுகாப்பு கோரிக்கைகளை வென்றார். பரிசாக அவருக்குக் கிடைத்தது மிரட்டல் கடிதங்களும் வேலை இழப்பும்.

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. இன்று பிரிட்டிஷ் மீன்பிடிப் படகுகளில் பிலிப்பைன்ஸ், கானா, இந்தியா, இலங்கை என்று வெயில் நாடுகளிலிருந்து போனவர்கள் வேலை செய்கிறார்கள். வெயில் கரையில் பிறந்தவர் வீட்டில் கம்பளிக் காலுறை இருக்குமா? முதல் சம்பளம் வருவதற்கு முன்பே அவருக்கு அது தேவை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2007ல் நிறைவேற்றி 2017ல் நடைமுறைக்கு வந்த 188ஆம் எண் உடன்படிக்கை, ஒவ்வொரு மீனவருக்கும் தகுந்த பாதுகாப்பு உடை கிடைப்பதைப் படகு உரிமையாளர் உறுதிசெய்யவேண்டும் என்கிறது. பிரிட்டன் அதை 2019ல் ஏற்றுக்கொண்டது. நல்லது. ஆனால் அந்த விதி இருக்கும் பிரிவு, 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள, வழக்கமாக 3 நாளுக்கு மேல் கடலில் தங்கும் கப்பல்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. மற்றவற்றுக்கு அதை விரிவாக்குவது அந்தந்த நாட்டின் விருப்பம். 12 மீட்டர் படகைச் சுற்றியிருக்கும் கடல் மட்டும் வெதுவெதுப்பாக இருக்குமோ?

எதிர்ப்புகள் எதிர்பார்த்தவைதான். "இலவசமாகக் கொடுத்தால் தொலைத்துவிடுவார்கள்" என்பார்கள். வலையும்தான் பாறையில் சிக்கிக் கிழிகிறது. அதற்காகத் தொழிலாளியையே வலை வாங்கிவரச் சொல்கிறார்களா? "சின்ன முதலாளிக்குக் கட்டுப்படியாகாது" என்பார்கள். இன்ஜின் கட்டுப்படியாகிறது, டீசல் கட்டுப்படியாகிறது. இவை இல்லாமல் படகு நகராது என்பதால் யாரும் பேரம் பேசுவதில்லை. நீர்புகா உடையையும் லைஃப் ஜாக்கெட்டையும் அந்த வரிசையில் எழுதி, வருஷாவருஷம் தேய்மானம் கழித்துப் புதிது வாங்கவேண்டியதுதான். உடைக்கான செலவே தாங்காத தொழில் என்றால், அதன் லாபம் இத்தனை நாளும் யார் உடம்பின் சூட்டிலிருந்து வந்தது என்று கேட்கவேண்டும்.

1877ல் நார்வே கப்பல் கேப்டன் ஹெல்லி யுவெல் ஹான்சன் லினன் துணியை ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்துத் தைத்தது கடல் தொழிலாளிகளுக்காக. 1926ல் ஐஸ்லாந்தின் சூடுரெய்ரி என்ற சின்ன ஊரில் '66 நார்த்' கம்பெனி தொடங்கியதும் மீனவர்களுக்காகவே. இன்று அந்தப் பெயர் போட்ட ஜாக்கெட்டுகளை நகரவாசிகள் காபி குடிக்கப் போகும்போது மாட்டிக்கொள்கிறார்கள். அணியட்டும், குற்றமில்லை. அவர்கள் அதை மறந்துவிட்டுப் போனால் மழையில் கொஞ்சம் நனைவார்கள், அவ்வளவுதான். மீனவர் மறந்தால் உயிர் போகும்.

ஆகவே அடுத்த முறை யாராவது "குளிர்கடலுக்கு எந்த ஜாக்கெட் வாங்குவது?" என்று கேட்டால், கம்பளி, ஃப்ளீஸ், பி.வி.சி. என்று பதில் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, ரசீது யார் பெயரில் போடப்போகிறார்கள் என்றும் கேளுங்கள்.