தூரில் தொடங்கும் துயர்

வேதாரண்யத்திலிருந்து முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வழியாகச் சேதுபாவாசத்திரம் நோக்கிக் கடலோரமாகச் செல்வோர், வழியெங்கும் தென்னந்தோப்புகளைக் காண்பர். அத்தோப்புகளை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். பிள்ளைகளின் படிப்பு, பெண்மக்களின் திருமணம், முதியோரின் மருத்துவம் ஆகிய எல்லாச் செலவுகளுக்கும் ஒவ்வொரு வெட்டுக்கும் இறங்கும் காய்களையே எதிர்பார்த்திருக்கும் வீடுகள் உண்டு. பள்ளிவாசலின் அன்றாடச் செலவுகளை வக்ஃபுத் தோப்பின் குத்தகைப் பணம் தாங்கி நிற்கும் ஊர்களும் உண்டு. இத்தகைய தோப்பில் நல்ல காய்ப்பிலிருக்கும் மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாடி வீழ்ந்தால் அந்தக் குடும்பத்தின் நிலை என்னவாகும்?

அவ்வாறு வீழ்த்தும் நோய்க்கு இப்பகுதியின் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. 1952ஆம் ஆண்டு பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டதால் அதனைத் 'தஞ்சாவூர் வாடல் நோய்' என்று அழைக்கின்றனர். 'அடித்தண்டழுகல் நோய்' என்பதும் அதுவே. கர்நாடகத்தில் இதனை 'அணபெ ரோகம்', அதாவது காளான் நோய் என்பர். ஆந்திரக் கடற்கரையையும் இந்நோய் விட்டு வைக்கவில்லை. 'கானோடெர்மா' எனும் ஒருவகைப் பூசணமே இதற்குக் காரணம். இந்தப் பூசணம் காற்றில் பறந்து வந்து குருத்தில் அமர்வதில்லை. மண்ணில் வாழ்ந்து, வேரின் வழியே நுழைந்து, அடிமரத்தை உள்ளிருந்தே அழுகச் செய்கிறது. இந்த ஒரு செய்தியை நாம் நன்றாக மனத்தில் பதித்துக் கொண்டால், செய்ய வேண்டியவை எவை, செய்யக் கூடாதவை எவை என்பன தாமே விளங்கிவிடும்.

நம்மில் பலர் தோப்புக்குச் சென்றால் அண்ணாந்து பார்ப்பது வழக்கம். குலை எத்தனை, பாளை எத்தனை என்று எண்ணுகிறோம். ஆனால் இந்நோய் தலைக்கு வந்து சேரும்போது வேர்களில் பெரும்பகுதி அழுகிப் போயிருக்கும். அடி மட்டைகள் மஞ்சளாகித் தொங்குவதும், புதிதாக வரும் ஓலைகள் சிறுத்துப் போவதும், குரும்பைகள் உதிர்வதும் நோயின் தொடக்கமல்ல. அது நெடுந்தூரம் நடந்து வந்துவிட்டதன் அடையாளங்கள். தூரையொட்டிய அடிமரத்திலிருந்து செம்பழுப்பு நிறத்தில் சாறு வடிவதே நாம் கவனிக்க வேண்டிய அடையாளம். நாளடைவில் அந்தக் கசிவு மேல்நோக்கி ஏறி, பத்தடி உயரத்தையும் எட்டிவிடும். மழைக்காலத்தில் அடிமரத்தில் தட்டுப் போன்ற கெட்டியான காளான் முளைப்பதுண்டு. மேற்புறம் மினுமினுக்கும் அந்தக் காளானைக் கண்டு குழந்தைகள் விளையாடக்கூடும். தோப்புக்குடையவருக்கோ அது இறுதி அறிவிப்பு. முதல் அறிகுறி தோன்றிய சில மாதங்களிலேயே இறக்கும் மரமும் உண்டு. நான்கைந்து ஆண்டுகள் இழுத்துக்கொண்டு நிற்கும் மரமும் உண்டு. பெரும்பாலும் பத்து முதல் முப்பது வயதுக்குட்பட்ட மரங்களே இதற்கு இரையாகின்றன. உழைத்து வளர்த்த மரம் பலன் தரும் பருவத்தில் பறிபோகிறது என்பதுதான் இதன் கொடுமை.

சாறு வடிந்தாலே இந்நோய்தான் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. தண்டின் நடுப்பகுதியில் வெடிப்புகளிலிருந்து சாறு கசியும் வேறொரு பூசண நோயும் தென்னைக்கு உண்டு. கேரளத்தைப் பல தலைமுறைகளாக வாட்டிவரும் 'வேர்வாடல் நோய்' என்பதோ முற்றிலும் வேறானது. 'பைட்டோபிளாஸ்மா' எனும் நுண்ணுயிரால் உண்டாகிப் பூச்சிகளால் பரவுவது. பெயர் ஒத்திருப்பதைக் கொண்டு ஒன்றுக்குரிய மருந்தை மற்றொன்றுக்கு இடுவோர் பணத்தையும் காலத்தையும் இழக்கின்றனர். எனவே ஐயம் எழுந்தவுடன் அறிந்தவரை அழைத்துக் காட்டுவதே முதற்கடமை. பட்டுக்கோட்டைக்கு அருகில் வேப்பங்குளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. வட்டார வேளாண்மை, தோட்டக்கலை அலுவலகங்களிலும் வழி கேட்கலாம். நமக்கு நோய் வந்தால் மருத்துவரைத் தேடும் நாம், நம்மைக் காப்பாற்றும் மரத்துக்கு மட்டும் மருந்துக்கடைக்காரர் சொல்வதே போதும் என்று இருப்பது முறையாகுமா?

பூசணம் எல்லா மண்ணிலும் இருக்கலாம். ஆயினும் கடற்கரை மணலில் அதன் ஆட்சி ஓங்குவது ஏன்? மணலில் நீர் தங்குவதில்லை. இட்ட உரமும் நீரோடு கரைந்து ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. மக்கிய இலை தழைகள் குறைவாதலால், தீய பூசணத்தை எதிர்த்து அடக்கி வைக்கும் நல்ல நுண்ணுயிர்களும் அங்கே குறைவு. கோடையில் வேர்கள் காய்ந்து நலிகின்றன; மழைக்காலத்தில் தாழ்வான இடங்களில் நீர் தேங்கி வேர்கள் மூச்சு முட்டுகின்றன. இவ்விரு துன்பங்களாலும் தளர்ந்த வேரில் பூசணம் எளிதாக நுழைகிறது. பழைய நோய்மரங்களின் தூர்கள் தோப்பில் எஞ்சியிருந்தால் அவையே அதற்குக் கோட்டையாகிவிடுகின்றன. ஆகவே மண்ணைத் திருத்தாமல் மருந்தை மட்டும் ஊற்றுவது, ஓட்டையை அடைக்காமல் குடத்தில் நீர் நிரப்புவதற்கு ஒப்பாகும்.

மண்ணைத் திருத்த என்ன செய்யலாம்? மரத்தைச் சுற்றி ஆறடி ஆரமுள்ள வட்டப்பாத்தி அமைத்து, ஆண்டுதோறும் மரத்துக்கு 50 கிலோ தொழுவுரமும் 5 கிலோ வேப்பம்பிண்ணாக்கும் இடுமாறு வல்லுநர்கள் பரிந்துரைக்கின்றனர். 'டிரைக்கோடெர்மா விரிடி', 'சூடோமோனாஸ் புளோரசன்ஸ்' எனும் இரு நன்மை செய்யும் நுண்ணுயிர்களையும் வகைக்கு 200 கிராம் வீதம் தொழுவுரத்தோடு கலந்து இடலாம். முதலாவது, பூசணத்தையே உண்டு வாழும் பூசணம். இரண்டாவது, நோய்ப்பூசணத்தைத் தடுக்கும் பாக்டீரியா. இவை உயிருள்ளவை என்பதை மறக்கக் கூடாது. ஈரமில்லாத மண்ணில் இட்டாலும், பூசணக்கொல்லி ஊற்றிய கையோடு இட்டாலும் அவை மடிந்து போகும். காலாவதியான பொட்டலத்தை வாங்கி வந்து தூவிவிட்டு, பலனில்லை என்று குறை கூறுவதிலும் பொருளில்லை.

அடுத்தது ஈரம். கோடையில் குறைந்தது நான்கு நாட்களுக்கு ஒருமுறையேனும் நீர் பாய்ச்ச வேண்டும். பாத்தியில் தென்னோலைகளையும், உரிமட்டைகளையும், மக்கிய நார்க்கழிவையும் மூடாக்காகப் பரப்பினால் வெயில் ஈரத்தைக் குடிக்காது. உரிமட்டையை மேலே பரப்பும்போது அதன் முதுகு மேல்நோக்கியிருக்க வேண்டும். மண்ணுக்குள் புதைப்பதானால் குழிந்த பக்கம் மேல்நோக்கியிருக்க வேண்டும். முன்னது ஆவியாவதைத் தடுக்கும். பின்னது கிண்ணம் போல நீரைத் தாங்கும். விற்றுக் காசாக்குவதற்காக உரிமட்டை முழுவதையும் வண்டியேற்றிவிடும் நாம், அதில் ஒரு பங்கையேனும் மரத்துக்குத் திருப்பிக் கொடுக்கலாகாதா? பாத்தியில் சணப்பு, தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் பயிர்களை விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி விடுவதும் மணலுக்கு உயிரூட்டும். நீர் வசதி இருப்பின் வாழையை ஊடுபயிராக நடுவது இந்நோயைக் குறைக்க உதவுவதாக அனுபவத்தில் கண்டிருக்கின்றனர். மழைநீர் தேங்கும் இடங்களில் வடிகால் அமைப்பதும் இன்றியமையாதது.

நோய் புகுந்துவிட்ட தோப்பில் செய்யக் கூடாதவை இரண்டு. ஒன்று, தோப்பு முழுவதற்கும் ஒரே வெள்ளமாக நீர் பாய்ச்சுவது. நோய்மரத்தின் அடியைத் தொட்ட நீர் நல்ல மரத்தின் அடிக்குப் பூசணத்தைச் சுமந்து செல்லும். ஒவ்வொரு பாத்திக்கும் தனித்தனியே நீர்விட வேண்டும். இரண்டு, உழவு. ஏர்க்கொழு வேர்களை அறுத்துக் காயப்படுத்துவதோடு, நோயுள்ள வேர்த்துண்டுகளைத் தோப்பெங்கும் இழுத்துப் பரப்பிவிடும். நோய் கண்ட மரத்தைச் சுற்றி இரண்டடி ஆழமும் ஓரடி அகலமும் உள்ள அகழி வெட்டி, அதன் வேர்கள் அண்டை மரங்களின் வேர்களைத் தொடாதவாறு பிரித்து வைக்க வேண்டும்.

மருந்தைப் பற்றியும் கூறிவிடுவோம். 1885ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் போர்டோ நகரத்துப் பேராசிரியர் மில்லார்டே என்பவர் திராட்சைக் கொடிகளின் நோய்க்கு எதிராகப் பயன்படுத்திக் காட்டிய 'போர்டோ கலவை' இன்றும் மதிப்பிழக்கவில்லை. ஒரு மரத்தின் அடியில் 40 லிட்டர் ஊற்ற வேண்டும். ஒரு சதவீதக் கலவைக்கு 400 கிராம் மயில்துத்தத்தை 20 லிட்டர் நீரிலும், 400 கிராம் சுட்ட சுண்ணாம்பை மற்றொரு 20 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும், மாற்றி ஊற்றலாகாது. மண், மரம், பிளாஸ்டிக் பாத்திரங்களே ஏற்றவை. கலவையில் பளபளப்பான இரும்புக் கத்தியைச் சற்று நேரம் நனைத்தெடுத்தால் செம்புக்கறை படிகிறதா என்று பார்க்க வேண்டும். படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். கறை படியாதிருக்கும் வரை இன்னும் சேர்க்க வேண்டும். அன்று கலந்ததை அன்றே பயன்படுத்திவிட வேண்டும்.

வேர்வழி மருந்து செலுத்தும் முறையும் உண்டு. பென்சில் பருமனுள்ள உயிர்வேர் ஒன்றைச் சாய்வாக வெட்டி, மருந்துக் கரைசல் கொண்ட சிறு பிளாஸ்டிக் பையில் நுழைத்துக் கட்டிவிட்டால் வேர் தானே உறிஞ்சிக் கொள்ளும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை வேளாண் அலுவலரே கூற வேண்டும். மருந்து செலுத்துமுன் முற்றிய காய்களையும் இளநீரையும் இறக்கிவிட்டு, அதன்பின் 45 நாட்களுக்கு அம்மரத்தில் கைவைக்கக் கூடாது. அவசரத்துக்கு இறக்கிய ஓர் இளநீர் யாரோ ஒரு நோயாளியின் வாய்க்குப் போய்ச் சேரலாம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு பார்த்தாலும் முற்றிய நிலையிலுள்ள மரம் பிழைப்பதரிது. அதனைக் காக்கச் செலவிடும் பணத்தைச் சுற்றியுள்ள நல்ல மரங்களுக்குச் செலவிடுவதே அறிவுடைமை. இறந்த மரத்தை வெட்டுவோர் தண்டை மட்டும் அறுத்து விற்றுவிட்டுத் தூரை மண்ணிலேயே விட்டுவிடுகின்றனர். இதுவே மிகப் பெரிய தவறு. தூரையும் வேர்களையும் தோண்டியெடுத்து எரித்துவிட வேண்டும். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கரை கடந்த கஜா புயல் இப்பகுதியில் எண்ணற்ற தென்னைகளைச் சாய்த்தது. தூர் அகற்றுவதற்குச் செலவு மிகுதி என்பதால் அப்படியே விட்டு அருகில் கன்று நட்டோர் உளர். அந்தக் கன்றுகள் இப்போது பலன் தரும் பருவத்தை எட்டி வருகின்றன. முன்பே நோயிருந்த தோப்பில் பழைய தூர்கள் எஞ்சியிருப்பின், அவற்றின் அடியை அடிக்கடி பார்த்து வருவது நலம்.

தோப்பின் உரிமையாளர் சவூதியிலோ, மலேசியாவிலோ, சென்னையிலோ இருக்கிறார். தோப்பு குத்தகையில் இருக்கிறது. குத்தகைதாரர் காயை எண்ணுகிறார். மரமேறுபவர் மட்டையைக் கழிக்கிறார். தூரைக் குனிந்து பார்க்க வேண்டியவர் யார்? இக்கேள்விக்கு விடையில்லாத தோப்புகளில் நோய் தங்குதடையின்றிப் பரவுகிறது. குத்தகை ஓரிரு ஆண்டுகளுக்கே என்றால், பல ஆண்டுகள் கழித்துப் பலன் தரும் மண் பராமரிப்பில் குத்தகைதாரர் ஏன் பணம் போடப் போகிறார்? ஆகையால் குத்தகை எழுதும்போதே தொழுவுரமும் பிண்ணாக்கும் இடுவது யார் பொறுப்பு, நோய் கண்டால் எத்தனை நாளில் தெரிவிக்க வேண்டும், இறந்த மரத்தின் தூரை அகற்றும் செலவு யாருடையது என்பவற்றையும் எழுதிக் கொள்வது இருவருக்கும் நல்லது. வக்ஃபுத் தோப்பாயின் நிர்வாகிகளுக்கு இது இன்னும் கூடுதல் பொறுப்பு. அது தனிமனிதர் சொத்தன்று. வருந்தலைமுறைக்கும் சேர வேண்டிய அமானிதம்.

வேலி நமக்குத் தெரியும், வேருக்குத் தெரியாது. நம் தோப்பில் நாம் விட்டுவைத்த ஒரு தூர், அடுத்த வீட்டு விதவைத் தாயின் பத்து மரங்களுக்கு எமனாகலாம். நம் நோய்மரத்து நீர் அண்டை வீட்டார் பாத்திக்கு ஓடுவதும் அவருக்கு இழைக்கும் தீங்கே. நோய் கண்டால் மறைக்காமல் அண்டைத் தோப்பினருக்குச் சொல்வதும், நான்கைந்து பேர் சேர்ந்து அலுவலரை அழைத்து வருவதும், பிண்ணாக்கையும் நுண்ணுயிர் உரத்தையும் மொத்தமாக வாங்கிப் பகிர்ந்து கொள்வதும் ஒவ்வோர் ஊரிலும் இயலக்கூடியவையே.

வீட்டிலிருக்கும் தாய்மார்களும் இதில் பங்கெடுக்கலாம். கொல்லையில் நிற்பவை நான்கு மரங்களேயானாலும் மாதம் ஒருமுறை தூரைச் சுற்றி வந்து பாருங்கள். செம்பழுப்புக் கசிவு இருக்கிறதா, காளான் முளைத்திருக்கிறதா, பாத்தி காய்ந்து கிடக்கிறதா என்று கவனியுங்கள். பாத்திரம் கழுவிய சோப்பு நீரை அடிமரத்தில் தேங்க விடாதீர்கள். கசிவு கண்டால் அன்றே அந்த மரத்தில் சுண்ணாம்பால் அடையாளமிட்டு, தேதியைக் குறித்து வையுங்கள். வேளாண் அலுவலர் வரும்போது முதலில் கேட்பது அந்தத் தேதியாகத்தான் இருக்கும்.