வினா இல்லாத ஆய்வு

சமூகப்பணித் துறையில் முனைவர் பட்டத்திற்குப் பதிவு செய்யப்பெறும் தலைப்புகளுள் பல, 'துப்புரவுத் தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார நிலை – ஓர் ஆய்வு' என்னும் வாய்பாட்டில் அமைகின்றன. தமிழாய்வுக்கும் இவ்வாய்பாடு புதிதன்று. இத்தகைய தலைப்பு ஒரு களத்தைச் சுட்டுகிறதேயன்றி வினா எதனையும் எழுப்புவதில்லை. வயது, கல்வி, வருமானம், கடன் எனப் பட்டியல்கள் நிரம்புகின்றன. இறுதியில் 'அரசு ஆவன செய்தல் வேண்டும்' என்னும் முடிவு வந்து நிற்கிறது. இம்முடிவை அறிய ஆய்வு தேவையில்லை.

குறுகிய வினா சாதி, வறுமை, ஆட்சிமுறை ஆகியவற்றின் பிணைப்பை மறைத்துவிடும் என்று வாதிடுவோர் உளர். அவர்தம் கவலை நேரியது. அதற்கு அவர்கள் காணும் தீர்வே பிழையானது. கழிவுநீர்க் குழிகளில் நிகழும் இறப்புகளைச் சான்றாகக் கொள்ளலாம். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 1993இல் இயற்றப்பெற்றது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பின்றிக் கழிவுநீர்க் குழிகளைத் துப்புரவு செய்விப்பதையும் தடைசெய்தது. 1993 முதல் இப்பணியில் இறந்தோர் குடும்பங்களுக்கு ரூ.10 இலட்சம் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை ரூ.30 இலட்சமாக உயர்த்தியது.

இந்நிலையில், 'ஒரு மாவட்டத்தில் இவ்விழப்பீடு குடும்பத்தாரை அடைய எத்தனை மாதங்கள் ஆயின? கோப்பு எந்த அலுவலகத்தில், எக்காரணத்தால் நின்றது?' என வினவினால் ஓர் ஆய்வாளரால் விடை காண இயலும். முதல் தகவல் அறிக்கை, ஆட்சியர் அலுவலகக் கோப்பு, குடும்பத்தாரின் கூற்று ஆகிய மூன்றையும் ஒப்பிட வேண்டும். இறப்பு வெறும் விபத்தாகப் பதியப்பெற்றதா, ஒப்பந்தக்காரர் பெயர் விடுபட்டதா, வாரிசுச் சான்றிதழ் தாமதித்ததா என்பன அவ்வொப்பீட்டில் தெரியவரும். சாதியும் ஆட்சிமுறையும் செயற்படும் இடங்கள் இவையே. குறுகிய வினா கட்டமைப்பை மறைப்பதில்லை. அதன் கைகளைக் காட்டுகிறது.

கோப்புகளைக் காண இசைவு கிடைக்குமா என்பதைத் தலைப்பு உறுதியாகும் முன்னரே அறிதல் வேண்டும். கிடைக்காதெனின் வினா மாற வேண்டும். கணவனை இழந்தவளிடம் மீண்டும் வருமானம் கேட்டுச் செல்வது அவள் துயரைப் பட்டத்திற்குப் பயன்படுத்துவதாகும். அவள் தரும் விடையால் யார், எதனைத் திருத்த முடியும் என்று கூற இயலாத தலைப்பை ஆய்வுக் குழுக்கள் ஏற்றல் கூடாது.