சமாதானம் யார் கடன்?

ஒரு சமூகத்தின்மீது கூட்டு வன்முறை நடந்து முடிந்தபின், பாதிக்கப்பட்டோர் மன்னித்து வழக்கை விட்டுவிட்டால்தான் ஊர் மறுபடி ஒன்றுசேரும் என்ற நம்பிக்கை சேலம், நாமக்கல் வட்டாரத்தில் வேரோடியது. "நடந்தது நடந்துபோச்சு, ஒரே ஊர்லதானே பொழைக்கணும்" என்பார்கள் பெரியவர்கள். அதிகாரிகள் முன்னிலையில் நடக்கும் அமைதிப் பேச்சுவார்த்தையும் பெரும்பாலும் அதைத்தான் கையெழுத்தாக்கி வாங்குகிறது. அனுபவ ஞானம்போல் தோன்றும் இது பிழை.

அந்த நம்பிக்கைக்கு ருவாண்டாவைச் சான்று காட்டுவோர் உண்டு. 1994-இல் நூறே நாட்களில் சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்ட அந்நாட்டில், கொன்றவரும் தப்பியவரும் இன்று அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கிறார்கள், உண்மைதான். ஆனால் அதற்கு முன், கச்சாச்சா எனப்படும் ஏறத்தாழ 12,000 ஊர் நீதிமன்றங்கள் 2012 வரை 19 லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகளை விசாரித்து முடித்தன. குற்றத்தை ஊரறிய ஒப்புக்கொண்டவருக்குத் தண்டனை குறைந்ததே தவிர, இல்லாமல் போய்விடவில்லை. அந்த மன்றங்களும் குறையற்றவை அல்ல. அப்போதைய உள்நாட்டுப் போரில் வென்ற தரப்பு செய்த கொலைகளை அவை தொடவே இல்லை.

கொலை ஒன்றானாலும் சாதியின் பெயரால் நடந்தால் மிரட்டப்படுவது ஒரு சமூகமே. 2015-இல் ஓமலூர் இளைஞர் கோகுல்ராஜ் திருச்செங்கோட்டிலிருந்து கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். முக்கிய சாட்சி பிறழ்சாட்சியானார். விசாரணையை நாமக்கல்லில் நடத்த முடியாமல் மதுரைக்கு மாற்ற வேண்டியிருந்தது. 10 பேருக்குத் தண்டனை கிடைத்தது 2022-இல். வழக்கால் அமைதி கெடும் என்பவர்கள், சொந்த மாவட்டத்தில் நடத்த முடியாத வழக்கைப் பற்றி என்ன சொல்வார்கள்?

1965 வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த வாச்சாத்தி இன்னும் தெளிவான சான்று. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும் காவல், வருவாய்த் துறையினரும் அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்தனர். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாயினர், வீடுகள் இடிக்கப்பட்டன. கைதான பெண்களும் குழந்தைகளும் சேலம் சிறையில் அடைக்கப்பட்டனர். ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரைத் துடைப்பத்தால் அடிக்கும்படி அவ்வூர்ப் பெண்களையே அதிகாரிகள் கட்டாயப்படுத்தினர். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க முடியாமல் செய்வதும் அந்தத் தாக்குதலின் ஒரு பகுதிதான்.

அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றது அரசு. நடக்கவே இல்லை என்று சொல்லப்படும் குற்றத்தை யாரும் மன்னிக்க முடியாது. மன்னிப்பதற்கு அங்கே எதிரில் ஆளே இல்லை. 1995-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சி.பி.ஐ. விசாரணை வந்தது. தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. ஊர்க்காரர்கள் சொல்லிவந்தது பொய்யல்ல என்பது அன்றுதான் அரசின் காகிதத்தில் ஏறியது.

2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது. பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கவும், அதில் பாதியைப் பாலியல் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்கவும், அப்போதைய மாவட்ட ஆட்சியர் உள்ளிட்ட உயர் அதிகாரிகள்மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டது. அதற்குள் 31 ஆண்டுகள் போய்விட்டன. அந்தப் பெண்களில் சிலர் உயிரோடு இல்லை.