மாத்திரையோட கலரை மாத்தினது யாரு?

வைரஸ் புகுந்து ஃபைல் எல்லாம் போச்சுன்னு ஒருத்தர் அழுதா, "அப்டேட் பண்ணாத உனக்கு நல்லா வேணும்"னு சிரிக்கிற கம்ப்யூட்டர் மேதைகளுக்கு இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

எங்க ராயகிரி பக்கம் பிரஷர் மாத்திரை சாப்பிடுற பெரியவங்க யாரையாவது கேளுங்க. போன மாசம் வரை வெள்ளை மாத்திரை. இந்த மாசம் அதே மருந்து, வேற கம்பெனி, ரோஸ் கலர். "மாத்திக் கொடுத்துட்டாங்க போல"ன்னு சில பேர் சத்தமில்லாம நிறுத்திடுவாங்க. இது முட்டாள்தனம் இல்லை. தெரியாத மாத்திரையை முழுங்காம இருக்கிறது புத்திசாலித்தனம். ஒரு வார்த்தை விளக்காம கலரை மாத்தினவங்க மேலதான் தப்பு.

விண்டோஸ் கதையும் இதேதான். 2012 அக்டோபரில் வந்த விண்டோஸ் 8, பாதுகாப்பில் எக்ஸ்பியைவிட எவ்வளவோ மேல். ஆனா ஸ்டார்ட் பட்டனையே தூக்கிட்டாங்க! மருந்துக்கடையில் பில் போடுற தங்கச்சிக்கு உள்ளே இருக்கிற பாதுகாப்பா தெரியும்? பட்டனைக் காணோம், அவ்வளவுதான். அடுத்த வருஷம் 8.1-ல் திருப்பிக் கொடுத்தாங்க. எக்ஸ்பிக்கு ஆதரவு முடிஞ்சது 2014 ஏப்ரல் 8. ஜனங்க மாறியே ஆகவேண்டிய நேரமா பார்த்து மிரட்டி வச்சாங்க.

அப்போ டாக்டரே அப்டேட் வேண்டாங்கிறார்னு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துடாதீங்க. 2017 மே 12, வானாக்ரை. ஃபைலைப் பூட்டிட்டு பணம் கேட்கிற வைரஸ். ஓட்டையை அடைக்கிற பேட்ச் மார்ச் 14-லேயே வந்தாச்சு. போடாத கம்ப்யூட்டர்கள் மாட்டின. இங்கிலாந்து அரசு மருத்துவத் துறையில் 19,000-க்கும் மேல் அப்பாயிண்ட்மென்ட் ரத்தாகியிருக்கும்ங்கிற மதிப்பீட்டை அந்த நாட்டு தணிக்கை அலுவலகம் வெளியிட்டது. அதில் குறைஞ்சது 139 பேர் கேன்சர் சந்தேகத்தில் அவசரமா அனுப்பப்பட்டவங்க. எதிர்ப்புக்கு விலை இவ்வளவு.

அதனாலதான் கோபம். ஓட்டையை அடைக்கிறது வேற, முகத்தை மாத்துறது வேற. ரெண்டையும் ஒரே பொட்டலத்தில் கட்டினா, முகம் பிடிக்காதவர் ரெண்டையும் சேர்த்தே தூக்கி எறிவார்.

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு முடிஞ்சது. 11-க்கு டிபிஎம் 2.0 சிப் வேணும். பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனா நல்லா ஓடுற பழைய கம்ப்யூட்டரை சின்ன லேப்காரர் எங்கே கொண்டு போடுவார்? ரத்தப் பரிசோதனை மெஷினுக்கு சர்வீஸ் பண்ண வர்றவரே "அப்டேட்டை ஆஃப்ல வைங்க, சாஃப்ட்வேர் நின்னுடும்"னு சொல்லிட்டுப் போறது சகஜம். அதுக்கும் லேப்காரரையா திட்டுவீங்க?

லேப், மருந்துக்கடை வச்சிருக்கிறவங்க இதைச் செய்ங்க: அப்டேட்டை ஆஃப் பண்ணாம நேரத்தை மட்டும் மாத்துங்க, கடை அடைச்சதும் ரீஸ்டார்ட் ஆகட்டும். அப்டேட்டே ஏத்த முடியாத மெஷினை இன்டர்நெட்டில் இருந்து கழட்டுங்க. ரிப்போர்ட் எல்லாம் தனி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுங்க. எடுத்ததும் அந்த டிஸ்க்கையும் கழட்டி அலமாரியில் வைங்க. சொருகியே வச்சிருந்தா வைரஸ் அதையும் பூட்டிடும்.