அடுக்களைப் புகை

தேசம் சுதந்திரமடைந்து முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆயினும், பொழுது புலருமுன் கிராமத்துக் கூரைகளினூடே கசிந்தெழும் புகையைக் காண்போர், அதன் கீழே ஒரு ஸ்திரீ கண்ணீர் வழிய ஊதுகுழலை ஊதிக்கொண்டிருக்கிறாள் என்பதை எண்ணுவதில்லை. திண்ணையில் அமர்ந்து ராஜீய விஷயங்களை விவாதிக்கும் நாம், உள்ளிருந்து கேட்கும் இருமலை ராஜீய விஷயமாகக் கருதுவதுமில்லை. இது பெரும் பிழை.

விறகு, சுள்ளி, வறட்டி, பருத்திமார் முதலியவை சாதாரண அடுப்பில் பூரணமாக எரிவதில்லை. ஆகவே கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சு வாயுவும், கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்களும் வெளிப்படுகின்றன. ஜன்னலற்ற அடுக்களையில் இவை தேங்கி, சுவாசத்தின் வழியே நுரையீரலின் அடிவரை சென்று படிகின்றன. குழந்தைகளுக்கு நிமோனியாவும், பெரியோருக்கு மூச்சிரைப்பு, இருதய நோய், கண்புரை முதலியனவும் இதனால் நேருகின்றன. பீடியைத் தொட்டறியாத பெண்களும் புகை பிடிப்போருக்குரிய நோய்க்கு இரையாகின்றனர். வீட்டுக்குள் சூழும் புகையினால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

இத்தீமையை நம் தேசத்தார் அறியாதிருந்தனர் என்று சொல்வதற்கில்லை. ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்பவர் புகையற்ற அடுப்பை அமைத்து, 1953-ல் அதைப்பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். 1980-களில் சர்க்கார் திருத்திய அடுப்புகளைக் கிராமங்களில் பரப்ப முற்பட்டது. அடுப்புகள் வந்தன, பல இடங்களில் புகைபோக்கி அடைத்துக்கொண்டது, பழுது பார்ப்பார் இல்லை. 2002-ல் மத்திய சர்க்கார் அத்திட்டத்தைக் கைவிட்டது. கொடுத்ததைக் கணக்கில் எழுதிவிட்டு, அது பயன்படுகிறதா என்று திரும்பிப் பாராததன் பலன் அது.

அப்பிழை மீண்டும் நேரலாகாது. 2016 மே 1-ஆம் தேதி உத்தரப் பிரதேசத்துப் பலியாவில் உஜ்வலா திட்டம் தொடங்கியது. அதன் மூலம் பத்துக் கோடிக்கு மேற்பட்ட ஏழைக் குடும்பங்கள் எரிவாயு இணைப்புப் பெற்றிருக்கின்றன. இதைப் பாராட்டாதிருத்தல் நியாயமன்று. ஆனால் 2019–21 தேசீயக் குடும்ப நல ஆய்வின்படி, கிராமக் குடும்பங்களில் சுத்தமான எரிபொருளைப் பிரதானமாகக் கொண்டு சமைத்தவை 43 சதவிகிதமே. உஜ்வலா குடும்பமொன்று 2023–24-ல் சராசரியாக வாங்கிய சிலிண்டர்கள் நான்குக்கும் சற்றுக் குறைவு. 14.2 கிலோ சிலிண்டரைக்கொண்டு கணக்கிட்டால், நாளொன்றுக்கு 150 கிராமுக்குச் சற்று அதிகமாகும். காலைக் காப்பிக்கும் விருந்தாளி வந்த அவசரத்துக்கும் இது போதும். குடும்பத்தின் முழுச் சமையலுக்குப் போதாது. மிச்சத்துக்கு மறுபடியும் விறகடுப்புத்தான்.

காரணம் வெளிப்படை. அன்றாடக் கூலி பெறுபவன் ஒரே தடவையில் பெருந்தொகை எடுத்து வைப்பது கடினம். 2023 அக்டோபர் முதல் சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் அளிக்கப்பட்டதெனினும், முழு விலையையும் முதலில் செலுத்திய பின்னரே அது வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்தது. கைப்பணமில்லாதவனுக்குப் பின்னால் வரும் பணம் உதவுமா? மானியம் போக மிஞ்சும் விலையை மட்டுமே வாசலில் வாங்க வேண்டும். 5 கிலோ சிலிண்டர் கிராமத்திலேயே எளிதில் கிடைக்கவேண்டும். சர்க்காரை நாம் கோருவது இவ்விரண்டுமே.

எனினும் குற்றம் முழுவதையும் சர்க்கார்மீது சுமத்திவிட்டு நாம் தப்ப முடியாது. 'விறகு இனாமாய்க் கிடைக்கிறதே' என்போர் உளர். அதைக் காட்டிலும் மேட்டிலும் பொறுக்கி, தலையில் சுமந்து வருபவளின் உழைப்புக்கு விலை போடாததனால் அல்லவா அது இனாமாயிற்று? 'விறகடுப்புச் சோற்றின் ருசி வேறு' என்போரும் உளர். அந்த ருசிக்காக ஒருத்தியின் நுரையீரல் எரிய வேண்டுமா? பணப்பை ஆண்களின் கையிலிருக்கிறது. இருமல் பெண்களின் மார்பிலிருக்கிறது. புகையிலைக்கும் தேநீர்க்கடைக்கும் செல்லும் காசில் ஒரு பகுதி அடுக்களைக்குச் செல்லட்டும்.

தேச ஊழியர்களே! உங்கள் கிராமத்தில் எத்தனை இணைப்புகள் என்று கேட்பதோடு நில்லாதீர்கள். சென்ற மாதம் எத்தனை சிலிண்டர்கள் மாற்றப்பட்டன என்று விசாரியுங்கள். விறகடுப்பு எரியும் வீட்டில் சுவரைத் திறந்து காற்றுக்கு வழி செய்யுங்கள். கைக்குழந்தையை அடுப்பருகே கிடத்தலாகாதென எடுத்துச் சொல்லுங்கள். முதலில் உங்கள் வீட்டு அடுக்களைக்குள் ஒரு நாழிகை அமர்ந்து பாருங்கள். அங்கே மூச்சுத் திணறும்போது, இது எவ்வளவு அவசர காரியம் என்பதை வேறொருவர் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.